ஆதர்வேர் இன்றும் கற்கத் தக்கதா?

கேள்வி: தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறேன். நிரல் எழுதத் தெரியாது. எனக்கு முன்பு இருந்தவர் ஆதர்வேர் என்னும் பழைய பாட உருவாக்க மென்பொருளில் செய்த சில பாடங்களையும் அவற்றின் மூலக் கோப்புகளையும் விட்டுச் சென்றிருக்கிறார். மாணவர் தரும் பதிலுக்கு ஏற்ப நகரும் பாடங்களைத் தமிழில் நானே உருவாக்க விரும்புகிறேன். ஆதர்வேரைக் கற்கத் தொடங்கலாமா?

பதில்: புதிய பாடங்களை ஆதர்வேரில் தொடங்க வேண்டாம். ஆனால் அந்த மூலக் கோப்புகளைத் திறந்து, அவற்றின் அமைப்பைப் படிப்பதற்குச் சில நாட்களைக் கட்டாயம் ஒதுக்குங்கள். நீங்கள் கற்க விரும்பும் கலையை அந்த மென்பொருள் அளவுக்குத் தெளிவாகக் கண்முன் விரித்துக் காட்டியது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வி முறையில் பணியாற்றிய மைக்கேல் ஆலன், நிரல் அறியாத ஆசிரியரும் பாடம் உருவாக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 1980களில் தொடங்கிய முயற்சி அது. 1992இல் அவருடைய நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து மேக்ரோமீடியா ஆனது. 2003இல் ஏழாம் பதிப்பு வந்தது. மேக்ரோமீடியாவை வாங்கிய அடோபி, இனி இதை மேம்படுத்தப்போவதில்லை என்று 2007இல் அறிவித்தது. உலாவிக்குள் ஆதர்வேர் பாடங்களை ஓட்டிய செருகுநிரலை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. ஆகவே அதில் புதிதாக உருவாக்கும் எதுவும் மாணவரின் கைபேசிக்குப் போய்ச் சேராது.

மூலக் கோப்பைத் திறந்தால் மேலிருந்து கீழாக ஒரு கோடும், அதன் மேல் வரிசையாக ஐகான்களும் தெரியும். படத்தையோ எழுத்தையோ காட்ட டிஸ்ப்ளே, அழிக்க இரேஸ், காத்திருக்க வெயிட், கணக்கிடக் கால்குலேஷன், பலவற்றை ஒன்றாகக் கட்டி வைக்க மேப் என ஒவ்வொரு ஐகானுக்கும் ஒரே வேலைதான். புதிதாகக் கற்பவர்கள் டிஸ்ப்ளே ஐகான்களை அடுக்கிக்கொண்டே போய், பக்கம் புரட்டும் பாடம் ஒன்றைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். உங்கள் கவனம் முழுவதும் இன்டராக்‌ஷன் என்னும் ஒரே ஐகானின் மேல் இருக்கட்டும். மாணவர் என்னென்ன பதில் தரக்கூடும், ஒவ்வொன்றுக்கும் பாடம் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் வலப்பக்கத்தில் தொங்கும் கிளைகள் சொல்கின்றன. பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் பிரிவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மீச்சிற்றளவு, அதாவது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. உள்ள வெர்னியர் காலிப்பரில் முதன்மைக்கோல் அளவு 23 மி.மீ., வெர்னியர் ஒன்றிப்பு 7 என்று காட்டி, மாணவரை அளவைத் தட்டச்சு செய்யச் சொல்கிறோம். சரியான விடை 23 + (7 × 0.02) = 23.14. பெரும்பாலான மின்பாடங்கள் வேறெதைத் தட்டினாலும் 'தவறு, மீண்டும் முயல்க' என்று மட்டும் சொல்லும். ஆனால் 23.7 என்று எழுதியவர் மீச்சிற்றளவு 0.1 என்று எண்ணிவிட்டார், 23.07 என்று எழுதியவர் அதை 0.01 என்று கொண்டுவிட்டார். 30 என்று எழுதியவரோ மீச்சிற்றளவால் பெருக்காமல் இரண்டு எண்களையும் அப்படியே கூட்டிவிட்டார். முதல் இருவருக்கு வெர்னியர் கோலின் பிரிவுகளை எண்ணி மீச்சிற்றளவைக் கண்டறியும் படம் தேவை. மூன்றாமவருக்கு அந்தப் படத்தால் பயனில்லை. வெர்னியர் கோல் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்தே அவருக்குத் தொடங்க வேண்டும். இப்படித் தனித்தனியே பதில் சொல்லும் பாடத்தைத்தான் ஊடாடும் பாடம் என்று அழைக்கத் தகும். எந்தத் தவறு எந்தக் குழப்பத்திலிருந்து வருகிறது என்பதைப் பட்டறையில் நின்று பார்த்த நீங்களே அறிவீர்கள், நிரலாளர் அறியமாட்டார். நிரல் தெரியாததைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம்.

இந்தக் கிளைகளை ஆதர்வேர் இடமிருந்து வலமாகச் சோதிக்கும். அதனால் முதலில் 23.14, அடுத்து முயற்சி வரம்பு (எத்தனை முறை முயலலாம் என்ற எல்லை), பிறகு எதிர்பார்த்த தவறுகள், கடைசியாக எதையும் ஏற்கும் நட்சத்திரக் குறி என்று வைப்பார்கள். நட்சத்திரக் குறியை முன்னால் வைத்துவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள கிளைகளுக்கு முறையே வராமல் போகக்கூடும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் மீண்டும் கேட்பதா, வெளியேறி மேலே போவதா என்பதையும் குறிக்க வேண்டும். உங்கள் முதல் பாடத்துக்கு இவ்வளவையும் ஒரு தாளில் பென்சிலால் வரைந்து முடித்த பிறகே கணினியைத் தொடுங்கள்.

வரைந்ததை எதில் கட்டுவது? நிலையத்தில் மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்பித்தல் மென்பொருள் இருந்தால், அதன் லெசன் என்னும் பகுதியைப் பரிந்துரைக்கிறேன். தோற்றத்தில் எளிமையானது என்பதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. அதன் குறுவிடைப் பக்கத்தில் ஒவ்வொரு விடைக்கும் தனி மறுமொழி, தனி மதிப்பெண், அடுத்து எந்தப் பக்கத்துக்குத் தாவுவது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் கொடுக்கலாம். நட்சத்திரக் குறியும் அங்கே செல்லும். மூடில் இல்லையெனில், லூமி என்னும் இலவச மென்பொருளில் எச்5பி (H5P) என்னும் ஊடாடும் பாட வடிவத்தில் பாடங்களைச் செய்து ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்தால், இணையம் இல்லாத கணினி அறையிலும் அவை ஓடும். எச்5பி-யில் பிராஞ்சிங் சினாரியோ என்ற வகை, கிளைகளைப் படமாகவே காட்டுவதால் பழைய ஐகான் கோட்டுக்கு மிக நெருக்கமானது. அதில் மேற்சொன்ன தவறான விடைகளையே தெரிவுகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிளை விடுங்கள். மாணவர் முன்பு செய்த தவறை நினைவில் வைத்துப் பின்னால் அதே வகைக் கணக்கைக் கேட்க வேண்டும் என்ற நிலை வரும்போது, மாறிகளை, அதாவது மதிப்புகளை நினைவில் வைக்கும் பெயரிட்ட இடங்களை, கையாளும் ஸ்டோரிலைன் போன்ற கட்டண மென்பொருள் தேவைப்படும், அதற்கு அவசரமில்லை.

பழைய பாடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏழாம் பதிப்பில் செய்தவற்றுள், பெயரின் முடிவில் a7p என்று இருப்பவையே திருத்தக்கூடிய மூலக் கோப்புகள். பொதி செய்யப்பட்ட a7r, exe கோப்புகளைத் திருத்துவதற்காகத் திறக்க முடியாது. மூலக் கோப்புகளைத் திறக்க ஆதர்வேர் 7 நிறுவப்பட்ட பழைய விண்டோஸ் கணினியோ மெய்நிகர் கணினியோ (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வேண்டும். அந்த மென்பொருள் யூனிகோடு அறியாதது. ஆகவே அதில் உள்ள தமிழ் உரை டாப், டாம், பாமினி போன்ற ஏதோ ஓர் எழுத்துரு முறையில்தான் இருக்கும். வெளியே நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றிய பின் பின்னங்களையும் அலகுகளையும் தொழில்நுட்பக் குறிகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் மாற்றத்தில் முதலில் சிதைபவை அவைதான்.