16 மணி நேரமா, 26 மணி நேரமா?

கேள்வி: மகள் பிரசவத்துக்காக என் வீட்டம்மாவைச் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாக அனுப்புகிறேன். கோவையிலிருந்து 14,200 கி.மீ., 16 மணி நேரம் என்று இணையத்தில் பார்த்தேன். ஏஜென்ட் கொடுத்த டிக்கெட்டோ சிங்கப்பூர் வழியாக 26 மணி நேரம். குறைந்த நேரத்தில் வேறு டிக்கெட் கேட்கலாமா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாங்க. அந்த 26 மணி நேர டிக்கெட்டையே எடுங்கள்.

14,200 என்பது பொய்யில்லை. உலக உருண்டையில் கோவைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிழக்கே கடலுக்குப் போகாது. நேபாளம், திபெத் என்று வடக்கே ஏறி, சைபீரியாவைக் கடந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கும். அந்த நூலின் நீளத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துத்தான் 16 மணி என்கிறார்கள். ஆனால் கோவையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானமே கிடையாது. திபெத் மேலே பறப்பதையும் விமானங்கள் கூடியவரை தவிர்க்கும். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் உடனே 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே 4,000 மீட்டருக்கு மேல்.

உங்கள் டிக்கெட்டில் இருப்பது வேறு பாதை. கோவை–சிங்கப்பூர் சுமார் 3,170 கி.மீ., அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600. பறப்பதற்கே கிட்டத்தட்ட 20 மணி நேரம் போய்விடும். மிச்சம் ஆறு மணி நேரம் சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பது. நீங்கள் வெட்டப் பார்க்கும் அந்த ஆறு மணி நேரம்தான் அந்த அம்மாவுக்குத் தேவை.

என் அக்காவை ஒருமுறை நேரம் மிச்சம் என்று, இடையில் 1 மணி 10 நிமிடம் மட்டுமே இருந்த டிக்கெட்டில் அனுப்பினோம். முதல் விமானம் தாமதம். அடுத்த கேட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்து, வெறுங்காலோடு போய் நின்றபோது கதவைச் சாத்திவிட்டார்கள். எங்களைக் கூப்பிடலாமென்றால் விமான நிலைய வைஃபை ஓடிபி கேட்கிறது. ரோமிங் இல்லாத நம்மூர் சிம்முக்கு ஓடிபி எப்படி வரும்? ஐந்து மணி நேரம் அக்கா எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் வீடே தவித்தது. "எனக்கு யாரைக் கேக்கறதுன்னே தெரியலை கண்ணு" என்று அவர் அப்புறம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே ஏஜென்டிடம் மணிக்கணக்கைக் கேட்காமல், இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா என்று கேளுங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி கடைசிவரை தானாகப் போகும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டுமே உங்கள் தலையில். வீல்சேரும் இப்போதே சொல்லிவையுங்கள். நன்றாக நடப்பவராக இருந்தாலும் பரவாயில்லை, கூட ஓர் ஆள் வருவார் என்பதுதான் முக்கியம். ரோமிங் போட்டுக் கொடுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

கோபியிலிருந்து பீளமேடு விமான நிலையம் போக இரண்டு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

திங்கள் மாலை 7 மணிக்குக் கோவையில் விமானம் கிளம்பினால், குளிர்காலத்தில் அங்கே செவ்வாய் காலை 7.30-க்கு இறங்குவார். கோபியில் அப்போது செவ்வாய் இரவு 9. குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இரவு பத்தரைக்கு முன்னால் போன் வரவில்லை என்று பதற வேண்டாம்.