இயற்பியல், கணித ஆர்வம் ஒருவரை எப்படி உருவாக்குகிறது?

மதிப்பெண்ணுக்காகப் படித்தது தேர்வு முடிந்த மறுநாளே கரைந்துவிடும். தானாக முளைத்த கேள்வி அப்படி விடாது.

சேலத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். பிரிக்க வேண்டாம்; அதுதான் சிரமம். அடிவாரத்தில் தொளதொளவென்றிருந்த பாக்கெட், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டியபின் தலையணை போல உப்பியிருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. இதே காரணத்தால் மலைமேல் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும்.

“எந்த வளைவில் உப்பத் தொடங்கியது?” என்று கேட்கும் பிள்ளை, அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்கிற ‘பாயில் விதி’யைப் (Boyle's law) பாதி கண்டுபிடித்துவிட்டது. எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு அழுத்தம் குறையும் என்று அடுத்ததாகக் கேட்கும்போது கணிதம் தானாக வந்து சேரும். சூத்திரத்தை முதலில் கரும்பலகையில் எழுதிப்போடுவது, என்னைக் கேட்டால், தலைகீழ் வேலை.

1921-இல் கப்பலில் பயணம் செய்த சி.வி. ராமனை மத்தியதரைக் கடலின் நீலம் இப்படித்தான் பிடித்துக்கொண்டது. வானத்தின் பிரதிபலிப்புதான் அது என்பது அன்றைய விளக்கம். பிரதிபலித்து வரும் ஒளியை வடிகட்டக்கூடிய நிக்கோல் பட்டகம் அவர் கையிலிருந்தது. அதனால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார்; நீலம் போகவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற எண்ணத்தோடு அங்கிருந்து தொடர்ந்த தேடல், 1928-இல் ராமன் விளைவில் முடிந்தது: மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதியின் நிறம் சற்றே மாறுகிறது. 1930-இல் நோபல் பரிசு.

சேலத்திலிருந்து பார்த்தால், ஏற்காடு இருக்கும் பச்சைச் சேர்வராயன் மலை நீலமாகத் தெரிவது ஒளிச்சிதறலால்தான். அங்கே சிதறடிப்பது நடுவிலுள்ள காற்று.