அம்மாவோட ஈபிஎஃப் காசு சபை அலமாரியில

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், வயசு 26. ஏஎல் பரீட்சை முடிச்சதுல இருந்து டவுன் சபையில மீடியா ஊழியம் செய்றேன். ஞாயிறு லைவ், போஸ்டர், எடிட்டிங், பேஸ்புக் பேஜ் எல்லாம் நான்தான். சம்பளம்னு ஒண்ணும் இல்ல, பாஸ்டர் ஐயா அப்பப்ப கைச்செலவுக்குத் தருவார். இப்ப கொழும்புல ஒரு கிறிஸ்தவ மீடியா நிறுவனத்துல எடிட்டர் வேலைக்குக் கூப்பிடுறாங்க. "சம்பளத்துக்காக அழைப்பை விட்டுட்டுப் போறியா"ன்னு பாஸ்டர் ஐயா கேக்குறார். இந்தத் துறையில எதிர்காலம் இருக்கா? தேவ சித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? (கெமரா அம்மா ரிட்டயர் ஆனப்ப வந்த ஈபிஎஃப் சேமலாப நிதிக் காசுல வாங்கினது, நாலு லட்சம் போச்சு, சபை அலமாரியிலதான் இருக்கு. அம்மா இப்ப கைக்காசுக்குக் கொழுந்து எடுக்குறாங்க.)

பதில்: தம்பி, உங்க கடிதத்தை இங்க சுருக்கித்தான் போட்டிருக்கேன். முழுசா வந்தது மூணு பக்கம், அதுல ஒன்றரைப் பக்கம் கெமராவும் லென்ஸும் மழை நாள்ல சிக்னல் விழுறதும். அம்மாவைப் பத்தி ரெண்டே வரி, அதையும் ப்ராக்கெட் போட்டு எழுதியிருக்கீங்க. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு பதுளையில இருந்து வரும், தலவாக்கலையில இருந்து வரும், எல்லாத்துலயும் கடைசிக் கேள்வி தேவ சித்தம்தான். கர்த்தர் நடத்துவார், கலங்காதீங்கன்னு எழுதுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. நான் அந்த ப்ராக்கெட்டைப் பத்தித்தான் பேசப் போறேன்.

அந்த நாலு லட்சம் எப்படி வந்துச்சுன்னு என்னைக்காவது ஒக்காந்து கணக்குப் பாத்தீங்களா? சம்பளத்துல 8 வீதம் அம்மாகிட்ட இருந்து பிடிப்பாங்க, 12 வீதம் தோட்டம் போடும். 2016ல அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 500 ரூபா. அப்ப அம்மா பங்கு 40, தோட்டத்துப் பங்கு 60, ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, மொத்தமா 100 ரூபா. வட்டியை விட்டுட்டுப் பாத்தா நாலு லட்சத்துக்கு 4000 பேர் விழணும். மாசம் 25 பேர்னு வச்சாலும் 13 வருஷத்துக்கு மேல போகுது, எந்தத் தோட்டத்துல மாசா மாசம் 25 பேர் குடுக்குறாங்கன்னு எனக்குத் தெரியல, கிலோ கொறைஞ்சு அரைப் பேர் விழுந்த நாள் வேற இருக்கு. 2016க்கு முன்னால சம்பளம் இதை விடக் கொறைவு, ஆயிரம் ரூபா ஆனதே 2021லதான். அத்தனை வருஷம் இடுப்புல படங்குத் துணியைக் கட்டிக்கிட்டு, அட்டைக் கடியோட மலை ஏறி எறங்கின காசு அது.

அந்தக் காசு சபை அலமாரியில பூட்டிக் கெடக்கு. அவங்க திரும்பவும் மலைக்குப் போறாங்க. கைக்காசுன்னா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, எடுத்த கிலோவுக்குத்தான் காசு, அதுக்கு ஈபிஎஃப் கெடையாது, மழை பெஞ்சா காசும் கெடையாது. ரிட்டயர் ஆன மனுஷி எதுக்கு மறுபடி கூடை தூக்குறாங்கன்னு உங்களுக்கு ஒரு கேள்வி கூட வரல, வந்திருந்தா ப்ராக்கெட் போட்டிருக்க மாட்டீங்க.

இப்ப மூணு கேள்வி கேக்குறேன், எனக்கு இல்ல, உங்களுக்கே பதில் சொல்லிக்கோங்க. கெமரா பில் யார் பேர்ல இருக்கு? அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு? பக்கத்து லயத்து வீட்டுல ஒரு கல்யாணம் எடுக்கக் கூப்பிட்டா பாஸ்டர் ஐயாவைக் கேக்காம அதை வெளிய எடுக்க முடியுமா? மூணாவதுக்கு முடியாதுன்னா, நீங்க சபைக்கு ஊழியம் மட்டும் செய்யல, அம்மாவோட கடைசிக் காசை அவங்களுக்குச் சரியா சொல்லாமலே காணிக்கைப் பெட்டியில போட்டிருக்கீங்க. மகன் கேட்டான்னு குடுத்திருப்பாங்க. நம்ம அம்மாமார் குடுப்பாங்க, அதுக்காக வாங்கிடலாமா?

மாற்கு 7ம் அதிகாரத்தைத் திறந்து படிங்க. அப்பா அம்மாவுக்குச் சேர வேண்டியதை "இது காணிக்கைக்குப் போயிருச்சு"ன்னு சொல்லிட்டு அவங்களைக் கை விடுறவங்களை இயேசு என்ன கேக்குறார்னு பாருங்க. அது பரிசேயருக்குச் சொன்னது, மீடியா டீமுக்கு இல்லைன்னு வேணும்னா சமாதானம் சொல்லிக்கலாம். நானும் ஞாயிறு தவறாம ஆராதனைக்குப் போற ஆள்தான், காணிக்கை போடுற ஆள்தான், ஆனா பெத்தவங்க கை வெறுங்கையா இருக்கும்போது பிள்ளை போடுற காணிக்கை எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, இதை எந்த மேடையிலயும் சொல்லுவேன்.

பாஸ்டர் ஐயா சொன்னதுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் வாங்குனா அழைப்பு போயிரும்னா, அவருக்கு மாசா மாசம் சபை குடுக்குறதுக்கு என்ன பேர்? வேலையாள் கூலிக்குப் பாத்திரவான்னு லூக்கா 10ல இருக்கு. பவுல் கொரிந்து பட்டணத்துல கூடாரம் தைச்சுத்தான் சாப்பிட்டார், அவரை யாரும் அழைப்பை விட்டுட்டார்னு சொல்லல. நம்ம மலையகத்துலயே 1854ல தமிழ் கூலி மிஷன் ஆரம்பிச்சப்ப தோட்டம் தோட்டமா நடந்து பிரசங்கம் பண்ணின உபதேசிமாருக்குச் சம்பளம் இருந்துச்சு, தோட்டத்துத் துரைமார் சந்தா போட்டுக் குடுத்தாங்க. 1854லயே உபதேசிக்குச் சம்பளம்னு ஒண்ணு இருந்திருக்கு, இன்னைக்கு ஒரு எடிட்டருக்கு அப்பப்ப கைச்செலவா? பாஸ்டர் ஐயா கெட்டவர்னு நான் சொல்லல. ஆறேழு வருஷமா ஒரு பையன் வாயைத் திறந்து கேக்காம வேலை செஞ்சா, நல்ல மனுஷனுக்கும் அது பழகிப் போயிரும்.

எதிர்காலம் இருக்கான்னா, இருக்கு, ஆனா நீங்க பாக்குற இடத்துல இல்ல. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, மணிலாவுல இருந்து வேரித்தாஸ் தமிழ் ரேடியோ சிற்றலையில வந்த காலம், புத்தளத்துல இருந்து மத்திய அலை 882ல கிறிஸ்தவ நிகழ்ச்சி வந்த காலம் எல்லாம் சொல்லுவாங்க. வேரித்தாஸ் சிற்றலையை 2018ல நிப்பாட்டிட்டாங்க, இப்ப இணையத்துல ஓடுது. பொட்டி மாறும், பாஷையை ஒழுங்கா எழுதி, சத்தத்தைத் தெளிவா பிடிச்சு, சரியான நேரத்துக்கு அனுப்பத் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கும். நம்ம சபைகள் கெமராவுக்கு லட்சக்கணக்குல போடும், ஓடியோவை மிக்சர்ல இருந்து ஒரு வயர் இழுக்காம கெமரா மைக்லயே விட்டுரும், அப்புறம் லயத்துக் காம்பராவுல போன் ஸ்பீக்கர்ல கேக்குற பாட்டிக்கு பிரசங்கம் முழுக்க எதிரொலிதான். உங்க மூணு பக்கத்துல ஓடியோ பத்தி ஒரு வரி இல்ல, கவனிச்சீங்களா?

போஸ்டர் அடிக்கிறது மட்டும் சபைத் தொடர்புன்னும் நெனைக்காதீங்க. அடக்க ஆராதனையை லைவ் விடுறீங்களே, அது உண்மையான வேலை. குவைத்துல வீட்டு வேலை செய்ற மகள், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பொறவு கப்பல் ஏறி கோத்தகிரியில குடியேறின தம்பி குடும்பம், அவங்களுக்கு அந்த முகத்தைக் கடைசியா பாக்க வேற வழி இல்ல. அங்க கெமராவைப் பாடகர் குழு பக்கம் திருப்பிக்கிட்டே இருக்கக் கூடாது, பெட்டிக்கிட்டயே நிக்கணும், பேரை வாசிக்கிற சத்தம் தெளிவா வரணும். 2025 நவம்பர்ல டிட்வா புயலோட மண்சரிவு வந்தப்பவும் அப்படித்தான், எந்த ரோட்டு மூடியிருக்கு, யார் எந்த ஸ்கூல்ல தங்கியிருக்காங்கன்னு வட்ஸ்அப்ல ஒழுங்கா சொன்னவங்கதான் ஊழியம் செஞ்சாங்க, நிவாரணப் பொதியை நீட்டி வாங்குற ஆளோட முகத்தைப் பேஸ்புக்ல போட்டவங்க இல்ல. இது உங்களைச் சொல்லல, சொல்லணும்னு ரொம்ப நாளா வச்சிருந்தேன்.

சரி, கொழும்பு. போங்க. ஆனா கெமரா விஷயத்தை முடிக்காம பஸ் ஏறாதீங்க. பாஸ்டர் ஐயாவையும் கமிட்டியில ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வச்சு, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசுங்க. ஒண்ணு சபை அந்தக் கெமராவை ஒரு விலை போட்டு வாங்கி, காசை அம்மா பேர்ல பேங்க்ல போடணும், தவணையா இருந்தாலும் எழுத்துல இருக்கணும். இல்லைன்னா கெமரா வீட்டுக்கு வரணும். சபைக்கு அது வேணும்னா ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் குடுக்கலாம், அது உங்க விருப்பம் இல்ல, அம்மா விருப்பம். வெக்கமா இருக்கும். அவங்க முன்னால காசு பேசக் கூச்சமா இருந்தா அம்மா கொழுந்து எடுக்குற மலைக்கு ஒரு நாள் காலையில கூடப் போய்ட்டு வந்து பேசுங்க, வாய் தானா வரும்.

சபைக்கும் நீங்க பட்ட கடன் ஒண்ணு இருக்கு, அதையும் தீர்த்துட்டுத்தான் போகணும். யூடியூப் சேனல் உங்க சொந்த ஜிமெயில்ல இருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன். சபை பேர்ல ஒரு கணக்கு திறந்து மாத்தி, பேஸ்புக் பேஜுக்கு இன்னும் ரெண்டு பேரை அட்மின் ஆக்கி, ரெண்டு சின்னப் பிள்ளைகளுக்கு லைவ் விடுற ஓபிஎஸ் சாப்ட்வேரைச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, அது இலவசம்தான், ஒரு மாசத்துல பழகிருவாங்க. கோவிச்சுக்கிட்டு பாஸ்வேர்டை எடுத்துக்கிட்டுப் போன ஒரு பையனை எனக்குத் தெரியும், அவன் திறமைக்கு இன்னைக்கும் நல்ல பேர் இல்ல.

கொழும்புக்காரங்ககிட்ட நியமனக் கடிதம் கேளுங்க. சம்பளம் எவ்வளவு, ஈபிஎஃப் 12 வீதமும் ஈடிஎஃப் நம்பிக்கை நிதி 3 வீதமும் போடுவாங்களா, தங்குற எடத்துக்கு யார் காசு, ஞாயித்துக்கெழமை லீவா வேலையா, எல்லாம் அதுல இருக்கணும். கிறிஸ்தவ நிறுவனம்னு கேக்காம விட்டுறாதீங்க, கிறிஸ்தவ நிறுவனம்னாத்தான் கூடக் கேக்கணும், ஏன்னா அங்கதான் நீங்க வாய் திறக்க மாட்டீங்க. கையில சான்றிதழ் இல்லைன்னு எழுதியிருந்தீங்க, செஞ்ச வேலையைக் காட்டி என்விகியூங்கிற தொழில் சான்றிதழ் எடுக்குற முறை இருக்கு, கொழும்புல இருக்கும்போதே அதை விசாரிச்சு முடிங்க.

முதல் சம்பளத்துல தசமபாகம் எங்க குடுக்குறதுன்னு அடுத்த கடிதம் வரும்னு தெரியும். அதுக்கு முன்னால அம்மா கைக்காசுக்குப் போறதை நிப்பாட்ட மாசம் எவ்வளவு வேணும்னு அவங்ககிட்டயே கேட்டு, அந்தத் தொகையை எழுதி அனுப்புங்க, அதை வச்சுத்தான் நான் மத்ததைப் பேசுவேன்.