வலிப்புக்கு முந்தைய நொடிகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பொள்ளாச்சி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நாலு வருடமாக எனக்கு ஒன்று வந்துபோகிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். அதே நேரத்தில் இந்த இடம், இந்தப் பேச்சு, பிள்ளை எழுந்து நிற்கிற விதம் எல்லாமே ஏற்கெனவே நடந்தது என்று தோன்றும். என்னவென்று பிடிப்பதற்குள் போய்விடும். அம்மா பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். நான் கேஸ் டிரபிள் என்று இருந்துவிட்டேன். போன ஆவணியில் அது வந்த கையோடு வகுப்பிலேயே விழுந்து கைகால் இழுத்துவிட்டது. கோவையில் நியூரோ டாக்டர் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். முன்னால் வருவதற்கு ‘ஆரா’ என்று பெயராம்.

அந்த நொடிகளுக்காகப் பத்து வருட ஆயுளைக் கொடுக்கலாம் என்று, வலிப்பு இருந்த ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி சொன்னாராமே? சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அது பிடித்திருக்கிறது. மாத்திரை அதை எடுத்துவிடுமோ என்றுகூட நினைக்கிறேன். டாக்டரிடம் வயிற்றில் ஏறுவதை மட்டும்தான் சொன்னேன். மற்றதைச் சொன்னால் மனநோய் என்று எழுதிவிடுவாரோ என்று பயம். வந்தால் என்ன செய்வது? வீட்டில் வரன் வேறு பார்க்கிறார்கள். பெயர் வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

நீங்கள் மறைத்த அந்த மற்றதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனால் நியூரோ டாக்டர்கள் தேடுவது அதைத்தான் என்பது தெரியும். வயிற்றிலிருந்து ஏறுவதும், ‘இது முன்பே நடந்தது’ என்ற உணர்வும், காரணமில்லாத திடீர் பயமும், இல்லாத நாற்றமும் நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் உள்ள டெம்போரல் பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு உரியவை. பின்மண்டையில் தொடங்கினால் வண்ண வட்டங்கள் தெரியும். எங்கே தொடங்குகிறது என்று மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி பல நேரம் காட்டாது. நோயாளியின் வாய்தான் காட்டும்.

எல்லோரும் ஆராவை எச்சரிக்கை என்கிறார்கள். மருத்துவக் கணக்கில் அதுவே ஒரு வலிப்பு. மூளையின் ஓரிடத்தில் எழும் மின்கொந்தளிப்பு அங்கேயே அடங்கிவிட்டால் நினைவு தப்புவதில்லை. பரவினால் விழுகிறோம். ஆகவே ‘எத்தனை முறை வந்தது?’ என்று டாக்டர் கேட்டால் ‘ஒரு முறை’ என்று சொல்லாதீர்கள். அந்த நாலு வருடமும் கணக்கில் உண்டு, கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களைப் போலவே பெயர் மறைத்த ஒருவர் உண்டு. லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 1888-இல் அவரைப் பற்றி ‘இசட்’ என்ற எழுத்தை மட்டும் வைத்து எழுதினார். இசட் தானே ஒரு டாக்டர். தன் ஆராவை அவர் விவரித்திருப்பது போல வேறெவரும் விவரித்து நான் படித்ததில்லை. எப்போதோ தெரிந்து, மறந்து, வெகுநாள் தேடிக்கொண்டிருந்த ஒன்று கைக்குக் கிடைத்துவிட்ட திருப்தி வருமாம். கலைந்ததும் அது என்னவென்று சொல்ல வராதாம். ஒருநாள் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கப் போகும்போது அது வந்துவிட்டது. தெளிந்து பார்த்தால் எழுதும் மேசையில் உட்கார்ந்து வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பரிசோதித்த நினைவே இல்லை. இடது நுரையீரலின் அடிப்பாகத்தில் நிமோனியா என்று அவர் கண்டுபிடித்த குறிப்பு இருக்கிறது. மறுபடி சோதித்தார், சரியாகவே இருந்தது. 1894-இல் அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது இடது டெம்போரல் பகுதியின் உள்மடிப்பில் சிறு சிதைவு இருந்தது. அத்தனை திருப்தியும் அந்தச் சிறு இடத்திலிருந்து வந்தது. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை, வியப்பாகவே இருக்கிறது. உங்களுக்கு எப்படிப் படுகிறதோ.

இனி தஸ்தயேவ்ஸ்கி. அப்படி அவர் பேசியதாக நண்பர் ஸ்த்ராகவ் எழுதியிருக்கிறார். ஆனால் நம் இலக்கியக் கூட்டங்களில் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். வலிப்புக்குப் பிறகு ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டவர் போல நாள்கணக்கில் இருண்டு கிடந்தார் என்பதும் அதே நண்பரின் சாட்சிதான். 1878-இல் மூன்று வயது நிறையாத அவருடைய மகன் அல்யோஷா நீண்ட வலிப்பில் இறந்தான். நோய் தன்னிடமிருந்தே பிள்ளைக்குப் போனது என்று அந்தத் தகப்பன் எண்ணினார். அவர் காலத்தில் இன்றுள்ள மாத்திரைகள் இல்லை. இருந்திருந்தால் அவர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் மாத்திரையைத்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு அது பிடித்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதற்காக ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். மாத்திரை விடுவதும் தூக்கம் கெடுவதும்தான் வலிப்பை அதிகம் வரவழைக்கின்றன. தேர்வுத்தாள் திருத்தும் இரவுகளைச் சொல்கிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. தனக்கு வந்த வலிப்புகளைத் தேதியோடு நோட்டில் குறித்து வைத்தார். நீங்களும் குறியுங்கள். நேரம், எத்தனை நொடி, முந்தின இரவுத் தூக்கம், மாதவிலக்கு நாள். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்து இரண்டு நிமிடத்துக்குள் அடங்கினால் பெரும்பாலும் ஆரா. பதற்றத்தில் வரும் படபடப்பு பெரும்பாலும் பல நிமிடம் இழுக்கும். ஒற்றைத்தலைவலிக்கு முன் தெரியும் நெளிகோடுகளும் அப்படித்தான், மெல்லப் பரவும். மாத்திரை தொடங்கிய பிறகும் ஆரா மட்டும் வந்துகொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். விழவில்லை என்பதால் வலிப்பு அடங்கிவிட்டது என்று ஆகாது.

வந்தால் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை: உட்காருங்கள், முடிந்தால் ஒருக்களித்துப் படுத்துவிடுங்கள். அடுப்பு, கிணற்றடி, மாடிப்படி எதுவானாலும் விலகுங்கள். ‘இதைக் கரும்பலகையில் முடித்துவிட்டு உட்காரலாம்’ என்று நினைக்காதீர்கள், அவ்வளவு நேரம் கிடைக்காது. குளியலறையில் தாழ்ப்பாள் வேண்டாம். டாக்டர் சொல்லும்வரை ஸ்கூட்டியைத் தொடாதீர்கள்.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்க வேண்டாம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நின்றுவிடும், பெயரை இரும்பு தட்டிக்கொண்டு போகும். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, பக்கவாட்டில் திருப்பி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமல் மறுபடி வந்தால், 108.

கல்யாண விஷயத்தில் உங்கள் வீட்டார் மறைக்கத்தான் பார்ப்பார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகவே இருந்தது. 1999-இல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்ட பிறகும் தரகர்கள் விடவில்லை. என் கருத்து, பேச்சு முற்றும் முன் பையனிடம் நீங்களே சொல்லிவிடுவது. மறைத்தால் அங்கே போய் மாத்திரையையும் ஒளிந்து ஒளிந்து போட வேண்டிவரும், ஒருநாள் விட்டுப்போகும்.

இன்னொன்று, இதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். உங்கள் மாத்திரை வால்ப்ரோவேட் வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. கல்யாணத்துக்கு வெகுமுன்பே வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார், ஃபோலிக் அமிலமும் எழுதித் தருவார். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.