கேள்வி பதில்: ஓவியத்தில் பயம் எங்கே வந்து உட்காருகிறது?

கேள்வி: போர், கலவரம், கண்காணிப்பு என்று எந்நேரமும் பதற்றத்தில் வாழும் ஓவியர் மனித உருவங்களை வரையும்போது அந்தப் பயம் படத்துக்குள் எப்படி வருகிறது? ரத்தமும் ஆயுதமும் இருந்தால்தான் அது நமக்குத் தெரியுமா?

பதில்: ரத்தமும் ஆயுதமும் தேவையே இல்லை. அவை இருக்கிற படத்தில் பல நேரம் நாம் சம்பவத்தைத்தான் பார்க்கிறோம். பயம் உடம்பில் வந்து உட்காரும். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றோடு ஒட்டியிருக்கும், கால் நிற்கிறதா ஓடப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. அப்படி வாழ்ந்தவர் இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்பதால் கண்ணும் கையும் அதற்குப் பழகிவிடுகின்றன.

இந்திய ஓவியர் தையப் மேத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 பிரிவினைக் கலவரத்தின்போது, இருபதைத் தாண்டிய இளைஞராக, பம்பாயின் முகமது அலி சாலையில் ஒரு மனிதர் கொல்லப்படுவதை ஜன்னலிலிருந்து பார்த்தார். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அந்தத் தெருவோ கூட்டமோ அல்ல, 1960களில் தொடங்கித் திரும்பத் திரும்ப அவர் வரைந்த விழும் மனிதன்தான். கைகால் முறுக்கி விழுகிறான், கீழே தரை என்று ஒன்று இல்லை. 1960களின் கடைசியில் கித்தானையே குறுக்காகப் பிளக்கிற ஒரு சாய்கோடும் வந்து சேர்கிறது, உடம்புகள் அதன் இருபுறமும் துண்டாகிக் கிடக்கின்றன. நிறமோ தட்டையாக, சலனமே இல்லாமல் இருக்கும், எனக்கு அதுதான் அதிகம் கலக்கம் தருகிறது. பார்த்ததற்கும் அது உருவமாக வெளியே வந்ததற்கும் நடுவே எத்தனை வருடங்கள் போயிருக்கின்றன பாருங்கள். பயம் அன்றைக்கே கித்தானில் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு வகை, அடுத்தவருக்காகப் படும் பயம். ஜெர்மனியின் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் தன் மகன் பீட்டரை 1914 அக்டோபரில் முதல் உலகப்போரில் பறிகொடுத்தவர், அவனுக்கு 18 வயது. ஹிட்லர் ஆட்சியில் ரகசியப் போலீஸ் அவரையே வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியது. 1940களின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு லித்தோகிராஃபில், அதாவது கல்லச்சுப் படத்தில், ஒரு தாய் இரு கைகளையும் விரித்துச் சிறுவர்களைத் தனக்குள் அடக்கிவைத்திருக்கிறாள். அந்தக் கைகளின் கனத்தைப் பாருங்கள். அப்புறம் பையன்களின் முகத்தைப் பாருங்கள், அவர்களுக்குப் பயமே இல்லை, வெளியே எட்டிப் பார்க்கும் ஆவல்தான் இருக்கிறது, பயம் முழுக்க அவள் ஒருத்தியின் உடம்பில் இருக்கிறது! 1942இல் அவருடைய பேரனும் போரில் இறந்தான், அவன் பெயரும் பீட்டர்தான்.

கேள்வி: பயமும் துன்பமும் இல்லாமல் பெரிய கலை பிறக்காது என்று என் ஓவிய ஆசிரியர் சொல்கிறார். சரிதானா?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சார்லட் சாலமன் என்ற யூத இளம்பெண் நாஜிகளிடமிருந்து தப்பி, பிரான்ஸின் தெற்கில் இருந்தபடி 1940 முதல் 1942க்குள் தன் குடும்பக் கதையை 700க்கும் மேற்பட்ட குவாஷ் (நீரில் கரையும் அடர்ந்த வண்ணம்) ஓவியங்களாக வரைந்தார். முதல் தாள்களில் அறை, நாற்காலி, ஜன்னல், ஆட்கள் எல்லாம் பொறுமையாக வரையப்பட்டிருக்கும், போகப் போகக் கோடு அவசரப்படும், உருவங்கள் கரையும், கடைசிப் பகுதியில் சில தாள்களை எழுத்தே நிரப்பிவிடும். அந்த வேகத்தைப் பயம் கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் 1943இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் அவர் கொல்லப்பட்டபோது வயது 26, வயிற்றில் குழந்தை. அவர் உயிரோடு இருந்து அமைதியாக இன்னும் ஐம்பது வருடம் வரைந்திருந்தால் என்னென்ன வந்திருக்கும்? அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. பயத்தில் வாழும் பெரும்பாலோருக்குத் தாளும் கிடைக்காது, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவும் முடியாது. அவர்கள் வரையாமல் போன படங்களை நாம் பார்க்கவே போவதில்லை. நெருக்கடிக்குள்ளிருந்து நல்ல ஓவியம் வந்தால் அதற்கான மரியாதை அந்த ஓவியருக்குத்தான், நெருக்கடிக்கு அல்ல.

கேள்வி: நான் இருக்கும் இடத்தில் நிலைமை சரியில்லை. நான் வரையும் மனிதர்களுக்குக் கண், மூக்கு வைக்க மனம் வருவதில்லை, முகம் வெறுமையாகவே நிற்கிறது. பயிற்சி போதவில்லையா?

பதில்: பயிற்சிக் குறை என்று நான் நினைக்கவில்லை. ஆளை அடையாளம் தெரிந்தாலே ஆபத்து என்ற இடத்தில் முகத்தை விட்டுவிடுவது, வரையப்படுபவரைக் காப்பாற்றும் பழக்கமாகக் கைக்குள் வந்துவிடும். சிலருக்கு, ஒரு குறிப்பிட்ட முகம் வந்துவிடுமோ என்ற தயக்கமும் இருக்கும். உங்களுக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும். முகத்தை விட்டுவிட்டு இப்போதைக்குக் கைகளையும் பாதங்களையும் கவனமாக வரையுங்கள், ஆளின் நிலைமையை அவையே சொல்லிவிடும்.

யாருக்கும் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஸ்பெயின் ஓவியர் கோயா போரின் கொடுமைகளைச் செதுக்கிய 82 அச்சுத் தகடுகளைத் தன் வாழ்நாளில் வெளியிடவே இல்லை, அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து 1863இல்தான் அவற்றில் 80 தொகுப்பாக வந்தன. நீங்களும் வரைந்ததைப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் தேதி போடுங்கள், பெயர்கள் வேண்டாம்.