அண்ணன் வருவதற்குள் பிரின்ஸ் ஓட வேண்டும்

கணினி: கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய விளையாட்டுகளைப் பற்றியவை. சித்திரை வருசம் நெருங்குகிறது, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஊருக்கு வருகிறார்கள், அதனாலாக இருக்கும். ஹட்டனில் என் கடைக்கும் இதே வேலையாக ஆட்கள் வருகிறார்கள். பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

"அக்கா, நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அண்ணன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கி வந்தார். எங்கள் லயத்துக்கு வந்த முதல் கொம்பியூட்டர் அது. இரண்டு பேரும் பிரின்ஸ் ஒஃப் பெர்சியா விளையாடுவோம். அண்ணன் இப்போது கட்டாரில். வருசத்துக்கு வருகிறார். அந்த விளையாட்டின் ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்து என் விண்டோஸ் 11 லெப்டொப்பில் போட்டால், இது உங்கள் கணினியில் ஓடாது என்று வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?" (தலவாக்கலை வாசகர்)

கெடவில்லை, தம்பி. நீங்கள் வைத்திருப்பது 1990இல் டொஸ் (விண்டோஸுக்கு முன்பிருந்த, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) கணினிகளுக்காக வந்த விளையாட்டு. அது 16 பிட் காலத்துப் பொருள். பிட் எண்ணிக்கை என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு. விண்டோஸ் எக்ஸ்பி வரை நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் 32 பிட் விண்டோஸ். அதற்குள் பழைய டொஸ் நிரல்களை ஓட்டுவதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்தப் பகுதி இல்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. அதனால் ரைட் கிளிக் செய்து 'கொம்பாட்டிபிலிட்டி'யில் எதை மாற்றினாலும் இந்த விளையாட்டுக்குப் பலனில்லை. அதிலேயே ஒரு முழு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். அந்தக் காலத்து ஸ்டோரில் பெரிய எஞ்சின் ஒன்றுதான். அதிலிருந்து கூரையோரமாக நீளமான இரும்புத்தண்டு போகும். அந்தத் தண்டிலிருந்து பெல்ட் போட்டு, கொழுந்தை உருட்டும் ஒவ்வொரு ரோலரும் சுற்றும். ரோலருக்கென்று தனி மோட்டார் கிடையாது. அப்படியொரு ரோலரைக் கொண்டுவந்து இன்றைய கட்டடத்தில் வைத்தால் சுற்றாது, ஆனால் ரோலரில் பழுதும் இல்லை. தண்டும் பெல்ட்டும்தான் வேண்டும். உங்கள் விளையாட்டுக்கு அந்தத் தண்டைப் போட்டுத் தருவது டொஸ்பொக்ஸ் என்ற மென்பொருள். 2002இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பழைய கணினியையே, அதன் சவுண்ட் கார்டு வரைக்கும், உங்கள் லெப்டொப்புக்குள் நடித்துக் காட்டுகிறது.

டொஸ்பொக்ஸைப் போட்டபிறகு, சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து விளையாட்டை முழுதாக அதற்குள் கொப்பி செய்யுங்கள். விளையாட்டைத் தொடங்கும் ஃபைலை மவுஸால் இழுத்து, டெஸ்க்டொப்பில் இருக்கும் டொஸ்பொக்ஸ் ஐகன் மேல் விடுங்கள். ஓடும். கட்டளை எதுவும் தட்டத் தேவையில்லை. ஓல்ட் விசையோடு என்டரை அழுத்தினால் முழுத்திரை வரும். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கொன்ட்ரோல் விசையோடு எஃப்10.

வேறு டொஸ் விளையாட்டுகளையும் ஓட்டிப் பார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால் வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பீசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் சிலர் கணினியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி விளையாட்டு எழுதினார்கள். அப்படிப்பட்டது வேகமான கணினியில் கண் இமைப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். டொஸ்பொக்ஸில் கொன்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். சத்தத்துக்கு விளையாட்டு ஏதாவது கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர் என்று தெரிவு செய்து 220, 7, 1 என்ற மூன்று எண்களையும் கொடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பிரின்ஸ் மெதுவாக அடிவைப்பது, மருந்துக் குப்பியை எடுப்பது, வாள் வீசுவது எல்லாம் ஷிஃப்ட் விசையில். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டி நடுவில் வந்து நிற்கும். விளையாட்டில் மொத்தம் இருப்பதே 60 நிமிடம். அண்ணன் வாளோடு நிற்கும்போது அந்தப் பெட்டி வரக்கூடாது. செட்டிங்ஸில் 'அக்செசிபிலிட்டி', அதில் 'கீபோர்டு' போய் இன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள்.

"அப்பாவின் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 சீடியை எங்கள் பழைய விண்டோஸ் 7 லெப்டொப்பில் போட்டேன். ஓடுகிறது, ஆனால் புல் ஊதா நிறத்திலும் தண்ணீர் வேறு நிறத்திலும் தெரிகிறது. ஸ்கிரீன் பழுதா?" (பண்டாரவளை மாணவி)

ஸ்கிரீனில் ஒன்றுமில்லை மகள், அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். 1999இல் வந்த அந்த விளையாட்டு ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே வைத்துப் படம் வரைகிறது. எந்த 256 என்று தானே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். அதே நேரத்தில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் டெஸ்க்டொப்பும் அந்தப் பட்டியலில் கைவைக்கிறது. பச்சை இருந்த இடத்தில் ஊதா வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மெனேஜரைத் திறந்து 'எக்ஸ்ப்ளோரர்' என்பதை நிறுத்துங்கள். டெஸ்க்டொப் மறைந்துபோகும், பயப்பட வேண்டாம். டாஸ்க் மெனேஜரிலேயே 'ஃபைல்' மெனுவில் புதிய டாஸ்க் என்று விளையாட்டைத் தொடங்குங்கள். முடிந்ததும் அதே வழியில் 'எக்ஸ்ப்ளோரர்' என்று தட்டினால் டெஸ்க்டொப் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால், சிஎன்சி டிடிரோ என்ற சின்ன இலவச மென்பொருளை எடுத்து விளையாட்டின் ஃபோல்டருக்குள் வையுங்கள். படம் வரையும் வேலையை அது ஏற்றுக்கொள்ளும், நிறமும் சரியாகும். அப்பாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

"ஒரிஜினல் சீடி டிரைவில்தான் இருக்கிறது. ஆனால் சீடியைப் போடு என்றே விளையாட்டு சொல்லிக்கொண்டிருக்கிறது." (கினிகத்தேனை வாசகர்)

2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த பல விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. சீடி அசலா என்று பார்ப்பதற்கு விண்டோஸுக்குள் ஒரு டிரைவர் (துணை நிரல்) தேவை. அதில் பாதுகாப்புக் குறை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அதை மைக்ரோசொஃப்ட் சேர்க்கவில்லை. உங்கள் சீடி அசல்தான், அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. இணையத்தில் கிடைக்கும், பூட்டை உடைத்த ஃபைல்களைப் போடாதீர்கள். வைரஸோடு வந்து நின்ற கணினிகள் இப்போதும் என் மேசையில் இரண்டு இருக்கின்றன. பழைய எக்ஸ்பி கணினி கைவசம் இருந்தால், இணைய இணைப்பு இல்லாமல் அதில் விளையாடலாம். இல்லையென்றால் அதே விளையாட்டை புதிய விண்டோஸுக்காகத் திருத்தி விற்கிறார்களா என்று ஜிஓஜி தளத்தில் தேடுங்கள். 2008இலிருந்து அவர்களுக்கு இதுதான் தொழில்.

"மகள், எனக்கு எழுபது வயது. எக்ஸ்பியில் இருந்த பின்போல் விளையாட்டைத்தான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து விளையாடுகிறேன். பேரன் புதிய கணினி வாங்கித் தந்திருக்கிறான். அதில் பின்போல் இல்லை." (ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா)

சேர், உங்கள் கடிதத்துக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இது சுலபம். ஸ்பேஸ் கெடெட் என்ற அந்த பின்போல் 32 பிட் நிரல். இன்றைய விண்டோஸிலும் அது ஓடும். மைக்ரோசொஃப்ட் அதை 64 பிட்டுக்கு மாற்றப் பார்த்தபோது பந்து எதிலும் முட்டாமல் ஊடுருவிப் போயிருக்கிறது. பிழையைக் கண்டுபிடிக்க முடியாமல் விளையாட்டையே எடுத்துவிட்டதாக அங்கே வேலை செய்த ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது காணாமல் போனது அப்படித்தான்.

உங்கள் பழைய கணினியில் சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்டி என்று போனால் பின்போல் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாகப் பென் டிரைவில் எடுத்து புதியதில் வையுங்கள். படம் சிறிதாகத் தெரிந்தால் எஃப்4. ஒரு விடயத்தை மட்டும் மறக்காதீர்கள்: நீங்கள் எடுத்த அதிக புள்ளிகள் அந்த ஃபோல்டரில் இல்லை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கின்றன. பழைய கணினியை யாருக்கும் கொடுப்பதற்கு முன் அந்தப் புள்ளிப் பட்டியலை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள்.

"பெட்டியில் இருந்த சீடிகளில் வெள்ளையாகப் பூஞ்சணம். தூக்கிப் போட்டுவிடவா?" (வட்டவளை வாசகி)

போடாதீர்கள் அக்கா! வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உடுப்பே காயாத ஊரில் சீடிக்குப் பூஞ்சணம் வராமல் இருக்குமா? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் தகவல் போய்விட்டது. தெரியாவிட்டால் நம்பிக்கை உண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக்கூடாது. பெயர் அச்சடித்த பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும், தகவல் படலம் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் மெல்லிசாக இருக்கிறது.

காய்ந்ததும் அன்றைக்கே கணினியில் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு சீடியும் ஒரே ஃபைலில்) பிரதி எடுங்கள். இம்ஜ்பேர்ன் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ் 8க்குப் பிறகு வந்தவற்றில் ஐஎஸ்ஓவை இரண்டு தடவை கிளிக் செய்தால் சீடி போட்ட மாதிரியே திறக்கும். விளையாட்டின் பாட்டு சீடியிலேயே ஓடியோவாக இருந்தால் ஐஎஸ்ஓவில் அது வராது, பின்-கியூ என்ற வகையில் எடுக்க வேண்டும். லெப்டொப்பில் சீடி டிரைவ் இல்லையென்றால் வெளியில் செருகும் டிரைவை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ஒரு நாள் போதும்.

பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள். 2009 ஏப்ரலில் ஒரு பின்னேர இடிமழையில் மின்னல் தொலைபேசி வயரால் வந்து மோடம், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோனது. மின்சார பிளக்கைக் கழற்றியிருந்தேன், தொலைபேசி வயரை மறந்துவிட்டேன். தம்பியும் நானும் பத்து வருடமாகச் சேர்த்த விளையாட்டுப் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதை எழுதும்போது தலவாக்கலைத் தம்பியின் ஞாபகம் வந்தது. தம்பி, அந்தப் பென் டிரைவில் 'பிரின்ஸ்' என்ற பெயரோடு எச்ஓஎஃப் என்று முடிகிற ஒரு சின்ன ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இளவரசியை மீட்டு விளையாட்டை முடித்தவர்களின் பெயரும் மிச்சமிருந்த நேரமும் அதில்தான் பதியும். இல்லையென்றால் பழைய கொம்பியூட்டரை இன்னொரு முறை போட்டுத் தேடுங்கள். உங்கள் அண்ணன் அந்தக் காலத்தில் முடித்திருந்தால் அவர் பெயர் அதில் இருக்கும்.