அச்சுக்குக் கொடுத்தேன், அழுதுகொண்டு வந்தேன்

கே: காதணி விழா பத்திரிகை. கம்ப்யூட்டரில் பளிச்சென்று ராயல் ப்ளூ, கைக்கு வந்தது ஊதா. பிரஸ்காரர் ஏமாற்றிவிட்டாரா? (குடியாத்தம்)

ப: இல்லை. திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அது ஆர்ஜிபி. ஆஃப்செட் அச்சில் சியான் (வெளிர் நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று நாலு மை, அது சிஎம்ஒய்கே. அந்தப் பளிச் நீலம் இந்த நாலில் பிறக்காது. டிசைனை முதலிலேயே சிஎம்ஒய்கேயில் போடச் சொல்லுங்கள். நீலம் நீலமாகவே இருக்க, மெஜந்தா சியானைவிட 30 சதவீதமாவது குறைவாக இருக்கட்டும்.

கே: தாத்தா படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நினைவஞ்சலி போஸ்டரில் முகம் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. ஏன்? (காட்பாடி)

ப: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதால்; அது படத்தைச் சுருக்கிவிடும். அடுத்த முறை அதிலேயே டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கே: கும்பாபிஷேக நோட்டீஸை இங்கே டிடிபி கடையில் செய்து, ஃபைலை சிவகாசிக்கு அனுப்பினோம். உபயதாரர் பெயர்கள் மட்டும் ஆங்கிலக் கிறுக்கலாக அச்சாகிவிட்டன. யார் தப்பு? (வாலாஜா)

ப: இந்த வயிற்றெரிச்சலை நான் எத்தனை தடவைதான் கொட்டுவது! பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகள் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைத்தவை. சின்ன ‘எம்’ தட்டினால் ‘அ’ வரும். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் அது வெறும் ‘எம்’தான். யூனிகோடில் அடித்தாலும் பழைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். மருந்து ஒன்றுதான்: கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் எழுத்து முழுவதையும் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டுப் படமாக மாற்றி, பிடிஎஃப்பாக அனுப்புவது. கர்வ் ஆக்கினால் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. ஆகவே மூல ஃபைல் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும். இதைச் செய்யாத டிடிபி கடைக்கு எதற்குக் காசு? ஆனால் சிவகாசியிலிருந்து ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி) வந்ததா, வந்ததை யாராவது படித்தீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை.

கே: ப்ரூஃபில் ஓகே போட்டேன். அச்சான பிறகுதான் மாப்பிள்ளை இனிஷியல் தப்பு என்று தெரிந்தது. இலவசமாகத் திருப்பி அடிக்கச் சொல்லலாமா? (ஆற்காடு)

ப: ஓகே போட்டது யார்?

கே: விசிட்டிங் கார்டில் போன் நம்பரின் கடைசி எண் வெட்டுப்பட்டுவிட்டது. (ஆரணி)

ப: கட்டாக அடுக்கி வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டுங்கள், எழுத்தை ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். மெல்லிய பார்டர் வேண்டவே வேண்டாம். சலுகை விலை என்று பார்டர் வைத்த கார்டு ஆயிரம் வாங்கினேன்; ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் நூல். அதன் பின்புறத்தில்தான் இன்றைக்கும் மளிகைக் கணக்கு எழுதுகிறேன்.

கே: மகள் கல்யாண அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் என்று பில் போட்டு, மெல்லிய அட்டையில் அடித்துத் தந்திருக்கிறார். கேட்டால் ‘எல்லாம் அதேதான்மா’ என்கிறார். (சத்துவாச்சாரி)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லையம்மா. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. அட்டையிலிருந்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டுகள் பத்து வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வையுங்கள். 30 கிராம் நிற்க வேண்டும். 20தான் என்றால் பேச்சே வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லோடு, வெட்டாத அட்டை குறைந்தது பத்து எடுத்து வையுங்கள்.